அலுமினியத்துக்குக் கலியாணம் பேசிய மாரி

அந்த மாரிமழைக் காலம் முழுவதும் எங்கள் வீட்டில் அலுமினியத்துக்குக் கலியாணம் பேசினோம். சொன்னால் சிரிப்பீர்கள். ஆனால் பேசியது உண்மை. அலுமினியத்துக்குப் பெண் பார்த்தோம், கல்சியத்துக்குப் பார்த்தோம், பொற்றாசியத்துக்கு ஒரே பின்னேரத்தில் மூன்று இடத்தில் பார்த்து மூன்றையும் ஒப்பேற்றினோம். அதே மாரியில் வீட்டுக்குள் மனிதருக்கும் ஒரு கலியாணப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. அதுதான் இழுபட்டுக்கொண்டே கிடந்தது.

எனக்கு அப்போது ஒன்பது பத்து வயது இருக்கும். சண்டை முடிந்து, அகதி முகாமிலிருந்து வந்து பூவரசங்குளத்துக்கு அங்கால் எங்கள் காணியில் இருந்தோம். வீட்டுத்திட்டத்து வீடு. சுவருக்குப் பூச்சு இல்லை, ஒரு அறைக்குத்தான் கதவு. ஆனால் சாமி அறைக்கு அப்பா முதலிலேயே ஒரு மூலையை ஒதுக்கிவிட்டார். அம்மாளாச்சி படமும் பிள்ளையார் படமும் முகாமிலும் எங்களோடு இருந்தவை. அவர்களுக்கு இடம் கொடுத்த பிறகுதான் எங்களுக்குப் பாய் விரித்தது.

வீட்டில் அப்பா, அம்மா, நான், அப்பாவின் தம்பியான சித்தப்பா, பிறகு அப்பாவின் கடைசித் தங்கை. அப்பாவின் தங்கையை எங்கள் பக்கத்தில் மாமி என்றுதான் கூப்பிடுவோம். மாமிக்கு அப்போது இருபது வயதுகூட ஆகவில்லை. நான் "மாமீ" என்று கத்த, வாசலில் நிற்கிற தபால்காரர் யாரோ வயதான மனுசி வரப்போகிறா என்று பார்த்துக்கொண்டு நிற்பார். இரட்டைப் பின்னல் துள்ளத் துள்ள மாமி ஓடி வருவார்.

மாமி சாதாரண தரச் சோதனை எழுதவேண்டிய வருடத்தில் பள்ளிக்கூடமே இல்லாமல் போயிற்று. பிறகு முகாமுக்குள் இருந்து எழுதினதில் மற்றப் பாடமெல்லாம் சித்தியடைந்தார், விஞ்ஞானத்தில் மட்டும் தவறிவிட்டார். அடுத்த வருடமும் விஞ்ஞானம்தான் காலை வாரிவிட்டது. இது மூன்றாவது முறை. விஞ்ஞானம் சித்தியடைந்தால் மேலே படித்து ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற வேலைக்குப் போகலாம் என்று முகாமில் ஒரு தாதி அவருக்குச் சொல்லியிருந்தார். அன்றிலிருந்து மாமி சாமியிடம் வேறொன்றும் கேட்டதில்லை. விளக்கு வைக்கிற நேரத்தில் அவருடைய வாய் அசைவதைப் பார்த்தால் என்ன கேட்கிறார் என்று எனக்கே தெரியும்.

சித்தப்பாவின் காரியம் வேறு. முகாமில் எங்களுக்கு அடுத்த கொட்டிலில் இருந்த குடும்பம் இப்போது செட்டிகுளத்தில் இருந்தது. அந்த வீட்டு மகளைச் சித்தப்பாவுக்குப் பிடித்துவிட்டது. தண்ணீர் வரிசையில் இரண்டு பேருடைய வாளியும் மாறிப்போனதில் தொடங்கிய பழக்கம் என்று அம்மா சொல்லிச் சிரிப்பார். சித்தப்பா சிரிக்கமாட்டார், காது மட்டும் சிவக்கும். அந்த வீட்டுப் பெரியவர் மறுக்கவில்லை. ஒரே ஒரு சொல்தான் சொன்னார்: மாற்றுச் சம்பந்தம் என்றால் சரி. தன்னுடைய மகளை எங்கள் வீட்டுக்குத் தருவார். எங்கள் வீட்டுப் பெண்ணைத் தன்னுடைய மகனுக்கு எடுப்பார். இரண்டு பக்கமும் சீதனப் பேச்சு இல்லை. எல்லாரும் வெறுங்கையோடு வந்து நின்ற காலத்தில் அதைப் பிழையான யோசனை என்று யார் சொல்வது? ஒன்று நடந்தால் மற்றது நடக்கும். ஒன்று நின்றால் மற்றதும் நிற்கும்.

மாமி ஓம் என்றும் சொல்லவில்லை, இல்லை என்றும் சொல்லவில்லை. "சோதினை முடியட்டும் பெரியண்ணா" என்றார். அப்பா அதைச் செட்டிகுளத்துக்குச் சொல்லி அனுப்பினார். மாமி சித்தியடைந்தால் படிக்கப் போவார், சித்தப்பாவின் பேச்சு அதோடு நிற்கும். தவறினால் இரண்டு கலியாணமும் ஒரே பந்தலில் நடக்கும். இதெல்லாம் எனக்கும் தெரியும்தான். நாளைக்கு மழை வரும் என்பது எப்படித் தெரியுமோ, அப்படித் தெரியும்.

ஞாயிற்றுக்கிழமைகளில் மாமிக்கு விஞ்ஞான வகுப்பு. அந்தப் பாதையில்தான் பிள்ளையார் கோயில், எனக்கு அங்கே அறநெறி வகுப்பு. சித்தப்பா எங்கள் இரண்டு பேரையும் ஒரே சைக்கிளில் ஏற்றிக்கொண்டு போவார். நான் முன்பாரில், மாமி பின்னால் கரியரில். வயலில் எவ்வளவு வேலை கிடந்தாலும் ஞாயிறு காலையில் சைக்கிள் சங்கிலிக்கு எண்ணெய் விட்டு வாசலில் நிறுத்தியிருப்பார்.

வகுப்பில் படித்ததை மாமி வீட்டுக்கு வந்து எனக்குச் சொல்லுவார். எனக்கு அறிவு வளரட்டும் என்றல்ல, வாய்விட்டுச் சொன்னால்தான் தனக்கு மனதில் நிற்கும் என்று. கரும்பலகைக்கு எங்கே போவது? கிணற்றடியில் குளிக்கிற மறைப்புக்கு அடித்த தகரம் இருந்தது. அடுப்புக் கரிக்கட்டியால் அதில் எழுதுவோம். மழை வந்து அழித்துவிட்டுப் போகும், மறுநாள் திரும்ப எழுதுவோம்.

"இஞ்ச பார்," என்று மாமி தொடங்குவார். "இந்தப் பக்கம் உலோகம், மாப்பிள்ளை வீடு. அந்தப் பக்கம் பொம்பிளை வீடு. ஒவ்வொருத்தருக்கும் தலைக்கு மேல ஒரு இலக்கம் இருக்கு. அதுதான் வலுவளவு. அலுமினியத்துக்கு மூண்டு. ஒட்சிசனுக்கு ரெண்டு."

அலுமினியம் என்றால் எனக்கு அப்போது முகாமில் தந்த கஞ்சிப் பானைதான். அதற்குத் தலையில் மூன்று இருப்பது எனக்குப் புதினமாக இருந்தது.

"பிறகு?" என்பேன்.

"பிறகென்ன, மாற்றுச் சம்பந்தம். இவையின்ர இலக்கம் அவைக்குக் கீழ போகும். அவையின்ர இலக்கம் இவைக்குக் கீழ வரும்." குறுக்காக இரண்டு கோடு இழுப்பார். இழுத்து முடிய, தகரத்தில் Al₂O₃ என்று நிற்கும். "இப்ப சொல்லு, பேர் ஆருக்கு மாறும்?"

"பொம்பிளைக்கு."

"ஓம். மாப்பிள்ளை அலுமினியம் அலுமினியமாவே இருப்பார். ஒட்சிசன்தான் இஞ்ச வந்து ஒட்சைட்டு எண்டு ஆகோணும். குளோரீன் எண்டால் குளோரைட்டு. நைதரசன் எண்டால் நைத்திரைட்டு."

"ஏன் மாமி, அலுமினியம் பேரை மாத்தினால் என்ன?"

"அதைப் போய் உன்ர கொப்பரிட்டக் கேள்."

வாளியோடு குளிக்க வருகிற அம்மாவுக்கு இது பிடிக்காது. "குளிக்கிற இடத்தில என்னடி கலியாணப் பந்தல்? சீலையெல்லாம் கரி பிரளுது," என்பார். ஆனாலும் எழுதியதில் தண்ணீர் படாமல் அடுத்த பக்கம் தள்ளி நின்றுதான் குளிப்பார்.

சல்பேற்று, நைத்திரேற்று என்று சில பேர் உண்டு. அவை தனி ஆட்கள் இல்லை, கூட்டுக்குடும்பம். ஒரு கந்தகத்தைச் சுற்றி நாலு ஒட்சிசன் ஒரே வீட்டில் இருக்கிறது சல்பேற்று. அந்தக் குடும்பத்தைப் பிரிக்கக் கூடாது. இரண்டு மூன்று குடும்பம் சேர்ந்து வந்தால் சுற்றிவர ஒரு வேலியை அடைத்துப்போட்டு, எண்ணிக்கையை வேலிக்கு வெளியே எழுதவேண்டும். Al₂(SO₄)₃. மாமிக்கு அந்த வேலி அடிக்கடி மறந்துபோகும். ஒருநாள் நான் கிணற்றடியில் நின்று "மாமி, வேலி! மாமி, வேலி!" என்று கத்த, வயலுக்குள் நின்ற அப்பா மாடு வேலியை உடைத்துவிட்டது என்று கொட்டனோடு ஓடிவந்துவிட்டார். வந்தவர் தகரத்தைப் பார்த்தார், எங்களைப் பார்த்தார்.

"எங்க மாடு?"

"மாடில்லை அப்பா. சல்பேற்று."

"அது ஆற்ற வீட்டுது?" என்று கேட்டுவிட்டு, மூச்சு வாங்கக் கிணற்றுக் கட்டில் இருந்தார். மாமி சிரித்த சிரிப்பில் கரிக்கட்டி கிணற்றுக்குள் விழுந்தது.

அப்படி அமர்ந்திருந்தபோதுதான் அப்பா தகரத்தில் இருந்த சோடியம் குளோரைட்டைப் பார்த்து, கறி உப்பு என்று நாங்கள் சொல்ல, உப்புக்கு ஏன் இலக்கம் ஒன்றும் இல்லை என்று கேட்டார். இரண்டு பக்கமும் ஒன்று ஒன்றுதான், ஒன்று என்றால் எழுதுவதில்லை, ஏன் என்று தனக்கும் விளங்கவில்லை என்றார் மாமி.

"இதென்ன பெரிய விசயமே? நெல் அளக்கேக்க முதல் மரக்காலை ஒண்டெண்டு ஆரும் சொல்லுவினமோ? லாபம் எண்டுதானே சொல்லுறது. ஒண்டு இருக்கெண்டு எல்லாருக்கும் தெரியும்," என்று சொல்லிவிட்டு அப்பா கொட்டனை எடுத்துக்கொண்டு வயலுக்குப் போனார். அதற்குப் பிறகு மாமி சோடியத்துக்குப் பக்கத்தில் ஒன்று எழுதவே இல்லை. எழுதப்போனால் நான் "லாபம்" என்பேன்.

எல்லாம் சரிவந்தும் ஒரு இடம் மட்டும் மாமிக்கு இடறிக்கொண்டே இருந்தது. இரண்டு பக்கமும் ஒரே இலக்கம் வந்தால் என்ன செய்வது என்பது. மகனீசியத்துக்கு இரண்டு, ஒட்சிசனுக்கும் இரண்டு. மாமி மாற்றிவிட்டு Mg₂O₂ என்று அப்படியே விட்டுவிடுவார். வகுப்பில் வைத்த சோதனையில் அதற்குப் புள்ளி வெட்டிவிட்டார்கள். அந்தக் கிழமை முழுவதும் மாமி தேங்காய் திருவினாலும் அரிசி அரித்தாலும் "சரிக்குச் சரியெண்டால் மாத்தினதை வெட்டு, சரிக்குச் சரியெண்டால் மாத்தினதை வெட்டு" என்று செபம் மாதிரிச் சொல்லிக்கொண்டு திரிந்தார். கேட்டுக் கேட்டு அது எனக்கும் பாடமாகிவிட்டது.

அந்தக் கிழமைதான் செட்டிகுளத்தார் வந்தார்கள்.

அது பிள்ளையார் பெருங்கதை நடக்கிற காலம். அம்மா விரதம். ஒவ்வொரு நாளும் கோயிலில் கதை கேட்டு வந்துதான் ஒருநேரச் சாப்பாடு. சனிக்கிழமை பின்னேரம் பிள்ளையாருக்கு மோதகம் அவித்துப் படைத்திருந்தார். மழை கொஞ்சம் விட்டிருந்தது. பெரியவரும் அவருடைய மனைவியும் பஸ்ஸில் வந்து இறங்கினார்கள். நாள் வைக்கிற எண்ணத்தோடு வரவில்லை, சோதனைக்கு முன் ஒரு வார்த்தையாவது உறுதியாகக் கேட்டுக்கொண்டு போக வந்தார்கள். பெரியவர் நல்ல மனிதர். முகாமில் எனக்குக் காய்ச்சல் வந்தபோது இரவிரவாக விபூதி போட்டுக்கொண்டு பக்கத்தில் இருந்தவர் அவர்தான்.

கால் கழுவத் தண்ணீர் எடுத்துக்கொண்டு அம்மா வர, "விடு பிள்ளை, நான் கிணத்தடிக்கே போறன்" என்று பெரியவர் நடந்தார். நான் பின்னால் போனேன். அவர் காலைக் கழுவிக்கொண்டே தகரத்தைப் பார்த்தார்.

"இதென்ன மோனை, தகரமெல்லாம் கணக்கு?"

"கணக்கில்லை அப்பு. கலியாணம்."

"ஆருக்கு?"

"உலோகங்களுக்கு."

பெரியவர் சிரித்தார். "அப்பிடியோ! சீதனம் எவ்வளவாம்?"

"சீதனம் இல்லை அப்பு. எல்லாம் மாற்றுச் சம்பந்தம்."

அவருக்கு வந்த சந்தோசத்தைச் சொல்ல முடியாது. தோளில் கிடந்த சால்வையால் காலைக்கூடத் துடைக்காமல் என் கையைப் பிடித்துக்கொண்டு வீட்டுக்குள் வந்தார். "கேட்டியளே, இந்த வீட்டில இரும்பும் பித்தளையும்கூட எங்கட கதையைத்தான் கதைக்குது! தம்பி, நாங்கள் பேச முதல் உங்கட மகள் பேசட்டும். சொல்லு மோனை, அந்தக் கலியாணத்தை எனக்கொருக்கால் விளங்கப்படுத்து."

வீட்டில் இருந்த ஒரே கைக்கதிரையில் அவர் இருந்தார். அப்பா மர வாங்கில். பெரியவரின் மனைவி அம்மாவோடு பாயில். சித்தப்பா புதுச்சேட்டுப் போட்டுக்கொண்டு கதவு நிலையில் சாய்ந்து நின்றார். மாமி குசினிக்குள் தேத்தண்ணி கலக்குகிற சத்தம் கேட்டது. இத்தனை பெரிய ஆட்கள் என் வாயைப் பார்த்துக்கொண்டு இருந்தது எனக்கு அதுதான் முதல் தடவை. கரிக்கட்டியை எடுத்துச் சீமெந்து நிலத்தில் குந்தினேன். எனக்கு நன்றாகத் தெரிந்ததைத்தானே சொல்லவேண்டும்? மகனீசியத்தையும் ஒட்சிசனையும் எழுதினேன்.

"இது மாப்பிள்ளை வீடு அப்பு. இதுக்கு ரெண்டு. இது பொம்பிளை வீடு. இதுக்கும் ரெண்டு."

"ஓ, சரிசமமான இடம். நல்லது."

"இதை அங்க மாத்தோணும். அதை இஞ்ச மாத்தோணும்."

"பின்னே!" என்று பெரியவர் அப்பாவைப் பார்த்துத் தலையாட்டினார்.

"ஆனா அப்பிடியே விட்டால் பிழை அப்பு. ரெண்டு பக்கமும் சரிக்குச் சரியெண்டால் மாத்தினதை வெட்டிப்போடோணும்." நான் இரண்டு இலக்கத்தையும் கோடு இழுத்து வெட்டினேன். "ஒண்டுக்கு ஒண்டு போதும்."

பெரியவர் குனிந்து, நிலத்தில் வெட்டிக் கிடந்ததைப் பார்த்தார். "வெட்டாமல் விட்டால்?"

"புள்ளி இல்லை."

"இதை ஆர் மோனை உனக்குச் சொல்லித் தந்தது?"

"மாமி," என்றேன், பெருமையாக.

குசினிக்குள் கரண்டிச் சத்தம் நின்றது.

அப்பாவுக்கு அப்போதுதான் ஏதோ தட்டுப்பட்டிருக்க வேண்டும். "அது அவளின்ர பாடம் ஐயா. விஞ்ஞானப் பாடம்," என்றார். அது உண்மைதான். ஆனால் அப்பா சொன்ன விதத்தில் எனக்கே அது பொய் மாதிரிக் கேட்டது.

"ஓம் தம்பி, விளங்குது. நல்ல பாடம்." பெரியவர் கோபப்பட்டுச் சத்தம் போடவில்லை. கதிரையின் கையைப் பிடித்துக்கொண்டு மெல்ல எழும்பினார். "சரிக்குச் சரியெண்டுதான் நாங்களும் தேடி வந்தனாங்கள். வேண்டாமெண்டால் வேண்டாமெண்டு சொல்லியிருக்கலாம். பச்சைப் பிள்ளையின்ர வாயில வைச்சு அனுப்பத் தேவையில்லை."

"ஐயா, இருங்கோ, அப்பிடியில்லை..."

"இல்லைத் தம்பி. பஸ் போயிடும்."

அம்மா ஓடிப்போய் மோதகத் தட்டத்தை நீட்டினார். அது பிள்ளையாருக்குப் படைத்தது, மறுக்கக் கூடாது. பெரியவர் ஒன்றை எடுத்துக் கண்ணில் ஒற்றி, சால்வைத் தலைப்பில் முடிந்துகொண்டார். தேத்தண்ணி தொடப்படாமலே ஆறிப்போயிற்று. அவருடைய மனைவி மட்டும் படியிறங்கும்போது சித்தப்பாவைத் திரும்பிப் பார்த்தார். சித்தப்பா குடையை விரித்துக்கொண்டு அவர்களைப் பஸ் ஏற்றப் போனார். பஸ் போன பிறகும் கனநேரம் அவர் வீதியில் நின்றதை நான் வேலிக்குள்ளால் பார்த்தேன். எனக்கு ஒரே ஒரு குறைதான் இருந்தது. நான் சொன்ன விடை சரியென்று ஒருவரும் சொல்லவில்லை.

விளக்கு வைத்த பிறகு அப்பா மாமியைக் கூப்பிட்டார். "நீயோ பிள்ளைக்குச் சொல்லிக் குடுத்தனி?"

மாமி நிலத்தில் இருந்த என்னுடைய கரி எழுத்தைப் பார்த்தார். "ஓம் பெரியண்ணா. நான்தான் சொல்லிக் குடுத்தனான்."

அதற்கு மேல் அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. நான் ஓடிப்போய் விஞ்ஞானப் புத்தகத்தை எடுத்து, அந்தப் பக்கத்தை விரித்து அப்பாவின் மடியில் வைத்தேன். அப்பா அதைப் பார்க்கவும் இல்லை, என்னை ஏசவும் இல்லை. "போய்ப் படு பிள்ளை" என்றார். புத்தகத்தில் அச்சடித்துக் கிடக்கிறதே, அதைக் காட்டினால் முடிந்துவிடுமே, மாமி ஏன் காட்டவில்லை என்று பாயில் கிடந்து யோசித்தேன். மாமி ஏதாவது சொல்லியிருந்தால் பழி முழுவதும் என் தலையில்தான் வந்து விழுந்திருக்கும் என்ற கணக்கு அந்த வயதில் எனக்குப் போடத் தெரியவில்லை.

பின்னால் நடந்ததை இங்கேயே சொல்லிவிடுகிறேன். உங்கள் மனம் அந்தரப்படக் கூடாது. மாமி அந்த முறை விஞ்ஞானத்தில் சித்தியடைந்தார். திறமைச் சித்தி. செட்டிகுளத்தில் அந்த வீட்டு மகனே தகப்பனிடம், "எனக்கு இப்ப அவசரமில்லை அப்பா, தங்கச்சியின்ர காரியத்தைப் பாருங்கோ" என்று சொன்னாராம். பெரியவர் கனநாள் வாய் திறக்காமல் இருந்துவிட்டு, அறுவடை முடிய ஒருநாள் தானாகவே வந்து இறங்கினார். வந்தவுடன் தேத்தண்ணி கேட்டு வாங்கிக் குடித்தார். சித்தப்பாவின் கலியாணம் ஆவணியில் அம்மன் கோயிலில் நடந்தது. ஒன்றுக்கு ஒன்றுதான். மாமி படித்து, இப்போது வவுனியாப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில் மருந்து கொடுக்கிற இடத்தில் இருக்கிறார். அங்கேயே வேலை செய்கிற ஒருவரைப் பின்னாளில் முடித்தார், ஒரு மகனும் இருக்கிறான். எல்லாம் அம்மாளாச்சியின் கிருபை. நான் சாதாரண தரத்தோடு நின்றுவிட்டேன், ஆனால் என்னுடைய பிள்ளைகளுக்குச் சூத்திரம் சொல்லிக்கொடுக்க இன்றைக்கும் எனக்கு ஒருவரும் தேவையில்லை.

ஆனால் இதெல்லாம் பிறகு வந்தவை. அந்தச் சனிக்கிழமைக்கு அடுத்த காலையில் ஒருவருக்கும் ஒன்றும் தெரியாது. அந்தக் காலையைப் பற்றித்தான் எனக்குச் சொல்லவேண்டும்.

நான் குளித்து விபூதி பூசி அறநெறி வகுப்புக்கு வெளிக்கிட்டு நின்றேன். மாமி வெளிக்கிடவில்லை. குசினியில் திருவலையில் இருந்து தேங்காய் திருவிக்கொண்டிருந்தார். பூ முடிந்து சிரட்டை தெரிகிற வரைக்கும் திருவிக்கொண்டே இருந்தார்.

"அண்ணி, நான் கிளாசுக்குப் போகேல்லை," என்றார் அம்மாவிடம். "பெரியண்ணாட்டச் சொல்லுங்கோ, செட்டிகுளத்துக்கு ஆள் அனுப்பச் சொல்லி. எனக்குச் சம்மதமெண்டு சொல்லட்டாம். சோதினையும் எழுதேல்லை."

அம்மா "பிள்ளையாரே" என்றார்.

சித்தப்பா வாசலில் சைக்கிளைத் துடைத்துக்கொண்டு நின்றவர், உள்ளே வந்தார். ஆணியில் தொங்கிய மாமியின் பையை எடுத்தார்.

"வெளிக்கிடு."

"சின்னண்ணா, நான் சொன்னது கேக்கேல்லையோ?"

"கேட்டது. வெளிக்கிடு, நேரம் போகுது."

"சோதினைக்கு இன்னும் ரெண்டு கிழமைதான் கிடக்கு. ரெண்டு தரம் எழுதி விட்டனான்தானே. இனிப் போயென்ன, போகாட்டியென்ன?"

"ரெண்டு கிழமை கிடக்கெல்லோ. கையைக் கழுவு."

மாமி இருந்த இடத்தை விட்டு அசையவில்லை. சித்தப்பாவும் அசையவில்லை. பையைப் பிடித்துக்கொண்டு குசினிப் படியிலேயே நின்றார். எனக்கு அறநெறி வகுப்புக்குப் பிந்தப்போகிறதே என்று அந்தரம். "மாமி, வாங்கோவன்!" என்று சிணுங்கினேன். கடைசியில் மாமி எழும்பிக் கையைக் கழுவினார். வேறு உடுப்புக்கூட மாற்றவில்லை.

குளக்கட்டால் போனோம். இரவு பெய்த மழையில் குளம் தளும்பிக்கொண்டு நின்றது, பாதையெல்லாம் சேறு. சித்தப்பா எழும்பி நின்று மிதித்தார். வழக்கமாக மாமி பின்னால் இருந்து என்னிடம் ஏதாவது கேட்டுக்கொண்டு வருவார், நான் முன்னால் இருந்து கத்திக் கத்திச் சொல்லுவேன். அன்றைக்குப் பின்னால் இருந்து சத்தமே இல்லை. கனதூரம் போன பிறகு சித்தப்பா வாயைத் திறந்தார். அதுவரை அவர் இந்த விசயத்தில் ஒருநாளும் வாய் வைத்ததில்லை.

"மகனீசியமும் நைதரசனும் சேர்ந்தால் என்ன வரும்?"

எனக்கு ஆச்சரியம். சித்தப்பாவுக்கு இந்தப் பெயர்கள் எப்படித் தெரியும்? கிணற்றடியில் நாங்கள் கத்தியதை எங்கே நின்று கேட்டார்? கேள்வி மாமிக்குத்தான். மாமி சொல்லவில்லை. பொறுத்துப் பார்த்துவிட்டு நான் சொன்னேன், முதலில் மூன்று, பிறகு இரண்டு, மகனீசியம் நைத்திரைட்டு என்று.

"சரி," என்றார் சித்தப்பா. "கல்சியமும் நைத்திரேற்றும்?"

பின்னால் சத்தமில்லை.

"ரெண்டு நைத்திரேற்று. வேலி போட்டு!" என்றேன்.

"சரி. அலுமினியமும் குளோரீனும்?"

சந்தோசப் புளுகத்தில் நான் அவசரப்பட்டு மூன்றை அலுமினியத்துக்குப் பக்கத்தில் போட்டுவிட்டேன். சொன்ன உடனேயே பிழை என்று எனக்கே தெரிந்தது. சித்தப்பா அதற்கும் "சரி" என்றார். பிழையென்றால் பாய்ந்து விழுகிற மாமி, அதற்கும் பேசாமல்தான் இருந்தார். சைக்கிள் ஆடாமல் சித்தப்பா மெல்ல மெல்ல மிதித்தார். அடுத்ததைக் கேட்டார். அதற்கடுத்ததைக் கேட்டார். கோயில் வருமட்டும் அவர் கேட்டுக்கொண்டே வந்தார், நான் சொல்லிக்கொண்டே வந்தேன்.

என்னை இறக்கிவிட்டு அவர்கள் வகுப்புக்குப் போனார்கள். நான் செருப்பைக் கழற்றிவிட்டு நேரே பிள்ளையாருக்கு முன்னால் போய் நின்று, மூன்று குட்டுக் குட்டி, தோப்புக்கரணம் போட்டு, இரண்டு வரம் கேட்டேன். இரவோடு இரவாக மாமிக்கு எல்லாம் மறந்துபோயிற்று, அதைத் திருப்பிக் கொடு என்று கேட்டேன். சித்தப்பாவுக்கும் கொஞ்சம் விஞ்ஞானம் கொடு, பாவம், அவர் பிழைக்கும் சரியென்கிறார் என்று கேட்டேன். சித்தப்பாவுக்காக அன்றைக்குக் கேட்கவேண்டியது வேறொன்று இருந்தது என்பது என் நினைவிலேயே இல்லை.